தேங்காய் எண்ணெய் காயாது

“அக்கா, ஒட்டுது!”

செவ்வாய்க்கிழமை காலையில் போனை எடுத்ததும் காதில் விழுந்தது இதுதான். எப்படி இருக்கியள் என்ற கேள்வி கிடையாது. சாப்பிட்டியளா என்ற விசாரிப்பு கிடையாது. நேரே ‘ஒட்டுது’.

“எதுலே ஒட்டுது?”

“பிரிண்டு அக்கா. போன வாரம் அடிச்சது. இன்னும் காயல்ல. மேல பேப்பர் போட்டா பேப்பரோட வருகு, வெரல் வச்சா வெரலோட வருகு. நீங்க ஒண்ணு வந்து பாத்தா கொள்ளாம்.”

பேசியது புதுக்கடை வில்சன். எனக்குக் கோபம்தான் வந்தது. மழைக்காலத்தில் மையைக் குறைத்துப் போடு, மெல்லிசாக உருட்டு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?

“மைய தொவையல் மாதிரி அள்ளி அப்பியிருப்ப” என்றேன்.

“இல்ல அக்கா. சத்தியமா இல்ல.”

குரல் சரியில்லை. திட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு நான் வீட்டில் லினோகட் செய்கிறவள் என்பது தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லினோலியம் என்று ஒரு ஷீட் இருக்கிறது. அதில் படம் வரைந்து, வேண்டாத இடத்தையெல்லாம் சின்ன உளியால் செதுக்கி எடுத்துவிட வேண்டும். மிச்சமிருக்கும் மேட்டில் ரோலரால் மை உருட்டி, மேலே தாளை வைத்து அழுத்தினால் படம் தாளுக்கு வந்துவிடும். அவ்வளவுதான் வித்தை. சுசீந்திரத்தில் என் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் விறகு போட்டிருந்த சாய்ப்புதான் என் ஸ்டுடியோ. அந்தச் சொல்லைக் கேட்டால் என் வீட்டுக்காரர் இன்றும் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

வில்சன் என் வாசகன். உளி பிடிப்பதைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு குவைத்திலிருந்து கூப்பிட்டவன். அங்கே பைப் ஃபிட்டர் வேலை. லீவு நாளில் ரூமில் கட்டிலில் உட்கார்ந்து, பழைய ரப்பர் செருப்பின் அடியைச் செதுக்கி, ஸ்டாம்ப் பேட் மையில் முக்கிப் படம் எடுப்பானாம். எனக்கு அனுப்பிய முதல் பிரிண்ட் ஒரு சாளை மீன். செருப்பில் செதுக்கிய சாளை! செதில் செதிலாக, அத்தனை சுத்தமாக இருந்தது. இரும்புக் குழாயில் நூல் பிசகாமல் வேலை பார்த்த கை அல்லவா?

கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. ‘இன்னும்’ போகவில்லை என்பதுதான் சரி. கம்பெனி மறுபடியும் கூப்பிடுகிறது. விசா தயார். ஏஜென்ட் இந்த வாரத்துக்குள் பதில் கேட்கிறார்.

இதற்கு நடுவில்தான் அந்த ஆர்டர் வந்தது. பத்மநாபபுரத்தில் ஒருவர் ஹோம்ஸ்டே தொடங்குகிறார். அரண்மனை பார்க்க வருகிற டூரிஸ்டுகள் தங்குவதற்கு. ஒவ்வோர் அறையிலும் அரண்மனையின் மர ஜன்னல், ஓட்டு முகப்பு, மாடிப்படி என்று படம் மாட்ட வேண்டும். போட்டோ வேண்டாம், கையால் செய்ததுதான் வேண்டும் என்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. பிடித்துப்போனால் தங்க வருகிறவர்களுக்கு விற்பதற்கும் தொடர்ந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

வில்சன் தன் மனைவி ஷீபாவிடம் சொல்லியிருந்தான். இந்த வேலை நன்றாகப் போனால் ஊரிலேயே இருக்கிறேன்… போகாவிட்டால் ஏஜென்டிடம் சரி சொல்லிவிடுகிறேன் என்று.

ஒட்டுகிற படத்தை யார் சுவரில் மாட்டுவார்கள்? அவன் குரல் ஏன் அப்படி இருந்தது என்பது உங்களுக்கே புரியும்.

மறுநாள் கிளம்பினேன். அவன் டின்னில் இருப்பது பழைய மையாக இருக்கும் என்பது என் சந்தேகம். அதனால் என்னிடமிருந்த புது டின்னைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நாகர்கோவிலில் பஸ் மாறி, கருங்கல் வழியாகப் புதுக்கடை. வழி முழுக்க மழை. ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டால் புழுக்கம், ஏற்றினால் சாரல். கண்டக்டர் பையைப் பார்த்து “என்னம்மா, பலகாரமா?” என்றார். ஆமாம் என்றேன். மை என்றால் அடுத்த பத்து நிமிஷம் விளக்கம் சொல்ல வேண்டும்.

வில்சனின் ஸ்டுடியோவை நீங்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் அடிக்கிற புரை, கொட்டகைதான். ஷீபாவின் வீட்டாருக்குக் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு. இப்போது பாலாகவே விற்றுவிடுகிறார்கள். ஷீட் அடிக்கிற வேலை இல்லை. மெஷின் சும்மா கிடந்தது. மேலும் கீழுமாக இரண்டு இரும்பு உருளை, பக்கத்தில் சுற்றுகிற சக்கரம். வரி விழுகிற மெஷின் ஒன்று, வழவழ மெஷின் ஒன்று. அந்த வழவழ மெஷின்தான் வில்சனின் பிரஸ்!

சென்னையிலிருந்து பிரஸ் வரவழைக்க ஆகும் செலவைக் கேட்டு நான் இன்றும் மரக்கரண்டியின் முதுகால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். இவன் ஒரு பலகையை உருளைகளுக்கு நடுவில் செருகி, மேலே தாள், அதற்கு மேலே கம்பளி என்று அடுக்கிச் சுற்றிவிடுகிறான். கம்பளி ஏது என்கிறீர்களா? குவைத்திலிருந்து கொண்டுவந்த புலி படம் போட்ட கம்பளி. அதைத்தான் வெட்டியிருக்கிறான். புலியின் முகம் ஒரு துண்டில், வால் ஒரு துண்டில்.

கொடியில் கிளிப் போட்டுப் பிரிண்டுகள் தொங்கின. ஒரு மர ஜன்னலின் மூலையில் கட்டைவிரலை வைத்தேன். விரல் கறுப்பு.

ஆனால் மை அதிகம் இல்லை. ஜன்னலின் மெல்லிய அழிச் சட்டங்கள்கூட அடைபடாமல், ஒன்றையொன்று ஒட்டாமல் விழுந்திருந்தன. அவன் சொன்னது உண்மைதான். போனில் திட்டியதற்கு ஒரு ‘சாரி’ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“பேப்பர் புதுசா?”

“இல்ல அக்கா. நீங்க சொன்ன அதே பேப்பர்தான். தண்ணியிலயும் நனைக்கல்ல.”

“மை?”

“பிரிண்டிங் பிரஸ்ஸுல வாங்குனது. போன மாசம் அடிச்சதெல்லாம் காஞ்சுதே!”

அப்படியானால் மழையா? மழையில் காய்வது தாமதமாகும். உண்மை. ஆனால் நாம் பயன்படுத்துவது எண்ணெய் மை. துணி காய்கிற மாதிரி அது ஈரம் போய்க் காய்வதில்லை. அதில் ஆளி விதை எண்ணெய் மாதிரியான எண்ணெய் இருக்கிறது. காற்றுப் பட்டுப் பட்டு அது இறுகித் தோலாகிவிடும். அதைத்தான் காய்ந்தது என்கிறோம். மழைநாளில் கூடக்கொஞ்சம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வாரம் ஆகியும் இப்போது அடித்து எடுத்த மாதிரி பிசுபிசுத்தால் வேறு ஏதோ நடந்திருக்கிறது.

மை டின்னைத் திறந்தேன். திறந்து கொஞ்ச நாளான டின்னில் மேலே தடித்த ஆடை படிந்திருக்கும். கத்தியால் கீறி எடுத்துப் போட்டுவிட்டுத்தான் கீழே இருக்கும் மையை எடுப்போம். இதில் ஆடையே இல்லை. மேலே கண்ணாடி மாதிரி மினுமினுவென்று ஏதோ நின்றது. மூக்கருகில் கொண்டுபோனேன்.

தேங்காய் எண்ணெய்!

ரோலரை முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய். மை உருட்டுகிற கண்ணாடியை முகர்ந்தேன். அதுவும் அப்படியே. எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகிற தலை மாதிரி மொத்த ஸ்டுடியோவும் மணந்தது. எனக்கு முதலிலேயே மணக்காமல் போனது ஏன் என்றால், இந்த ஜில்லாவில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அந்த மணம்தானே?

அந்த நேரம் பார்த்து ஷீபா சாயாவும் ஏத்தங்காய் வறுவலும் கொண்டுவந்தாள். நான் டின்னைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“அது நானாக்கும் அக்கா” என்றாள். “அவிய ரோலரக் கழுவாம அப்படியே போட்டிருவாவ. சக்க வெட்டுன கத்தி மாதிரி பிசுபிசுன்னு கெடந்துது. சோப்பு போட்டேன், போவல்ல. பொறவு தேங்கண்ண போட்டுத் தேச்சேன் பாருங்க… பளபளன்னு ஆயிட்டு! அந்தக் கண்ணாடியயும் தொடச்சு வச்சேன்.”

“டின்னுல?”

“மைக்க மேல ஆட படியுகு, பாதி மை பாழாப் போவுதுன்னு அவிய சங்கடப்பட்டாவ. மீன் ஊறுகாக்கு மேல எண்ண விடுவோம்லா… அது மாதிரி விட்டேன். இப்ப ஆடயே படியல்ல, பாத்தியளா?”

படியாது. எப்படிப் படியும்? ஆடை படிவதுதானே காய்வது! தேங்காய் எண்ணெய் ஒரு வருஷமானாலும் இறுகாத ஜாதி. மையோடு கலந்தால் மையையும் இறுக விடாது.

ஆனால் அவளை எப்படிக் குறை சொல்வது? நம் ஊரில் பலாச் சக்கைப் பிசினா? தேங்காய் எண்ணெய். கதவு கிரீச்சிடுகிறதா? தேங்காய் எண்ணெய். குழந்தைக்குத் தடிப்பா, கையில் சூடுபட்டதா, மோதிரம் கழலவில்லையா? அதே பாட்டில்தான். பொள்ளாச்சி தாண்டிப் பிறந்த ஒருத்திக்கு மை ரோலரைப் பார்த்ததும் இது தோன்றியிருக்குமா என்பது சந்தேகம். நம் வீட்டில் வளர்ந்தவளுக்குத் தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இத்தனைக்கும் எண்ணெய் போட்டு மையைத் துடைப்பது தப்பே இல்லை. நானும் செய்வேன். அதற்குப் பிறகு பெயின்ட் கடை டர்பன்டைனால் ஒரு துடை, பாத்திரம் கழுவுகிற சோப்பால் ஒரு கழுவல் கட்டாயம். எண்ணெயின் மினுமினுப்பு போகும் வரை விடக்கூடாது. அந்தப் பாதி அவளுக்குத் தெரியாது. யாராவது சொன்னால்தானே தெரியும்?

நான் வாயைத் திறப்பதற்குள் வில்சன் முந்திக்கொண்டான்.

“மழையாக்கும் அக்கா. வேற ஒண்ணுமில்ல. மழதான்.”

சொல்லிக்கொண்டே அவளுக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். சொல்லாதீங்க என்று அர்த்தம். அவனுக்கும் அந்த நிமிஷத்தில்தான் விஷயம் பிடிபட்டிருந்தது. முகத்தில் ரத்தம் இல்லை. இருந்தும் பொய் சொல்கிறான், அவள் மனசு நோகக் கூடாது என்று.

அன்பு என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

கல்ஃப் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புருஷன் லீவில் வருவான். இருக்கிற கொஞ்ச நாளில் சண்டை எதற்கு என்று இரண்டு பேருமே பார்த்துப் பார்த்துப் பேசுவார்கள். குழம்பில் உப்பு கூடியிருந்தாலும் நன்றாக இருக்கிறது என்பான். அவன் வாங்கிவந்த சேலை பிடிக்காவிட்டாலும் அவள் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போவாள். இப்படியே வருஷங்கள் ஓடும். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் வீட்டில் ஒருவர் விருந்தாளி மாதிரி ஆகிவிடுவார்கள். விருந்தாளி கையிலிருந்து கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தால் என்ன சொல்வோம்? பரவாயில்லை, பழசுதான் என்போம். கூட வேலை பார்க்கிறவரிடம் அப்படியா சொல்வோம்?

இவன் ஊரில் இருக்கப் போகிறானா, போகப் போகிறானா? இருக்கப் போகிறான் என்றால் இந்த வீட்டில் இனி தினமும் மை உண்டு, தினமும் ரோலர் உண்டு. அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

“மழ ஒண்ணும் இல்ல ஷீபா” என்றேன். “நீ போட்ட எண்ணதான். தேங்காண்ண காயாது. மையயும் காய விடாது. கொடியில தொங்குகது ஒண்ணும் இனி காயாது. டின்னுல உள்ளதும் போச்சு.”

சாயா தட்டோடு ஷீபா கொடியில் தொங்கிய பிரிண்டுகளைப் பார்த்தாள். வில்சன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அப்போதுதான் கொஞ்சம் பயம் வந்தது. அடுத்தவர் குடும்பத்தில் வந்து இப்படிப் போட்டு உடைக்கலாமா?

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“இப்பதான் தெரியும்.”

“பின்ன எதுக்கு மழன்னு சொன்னிய?”

“நீ சங்கடப்படுவன்னு…”

“நான் சங்கடப்பட்டா என்ன? செத்தா போயிருவேன்?” தட்டை மெஷின் மேல் டக்கென்று வைத்தாள். “நீங்க போவாம இருக்கணும்னு ஆக்கும் நான் அந்த சவத்து ரோலரப் புடிச்சு தேச்சேன். நல்லா வரணும்னு. இந்த வேல கெட்டா நீங்க பிளேன் ஏறிருவிய. நான் கெடுத்தா எங்கிட்ட சொல்லாண்டாமா? ஒண்ணும் சொல்லாம பெட்டியக் கட்டிட்டு போயிருவியளா?”

அழுதாள். கோபத்தில் வருகிற அழுகை. அப்புறம் பிடித்துக்கொண்டது பாருங்கள், ஒரு சண்டை! கம்பளியை ஏன் கேட்காமல் வெட்டினீர்கள், அது அம்மாவுக்கு என்று எடுத்து வைத்திருந்தது என்று அவள். ஸ்டுடியோவுக்குள் ஏன் கேட்காமல் வந்தாய் என்று அவன். இது எங்க அப்பாவுக்க புரை என்று அவள். ரோலர் எனக்க ரோலர் என்று அவன். நான் ஏத்தங்காய் வறுவலை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். நன்றாக வறுத்திருந்தாள்.

ஒரு கட்டத்தில் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. சத்தம் தானாக அடங்கியது. மூக்கைத் துடைத்துக்கொண்டு ஷீபாதான் என்னிடம் கேட்டாள்.

“இனி என்ன செய்யணும் அக்கா?”

முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவினால் ஒட்டுவது நிற்கும். ஆனால் கறுப்பு செத்துச் சாம்பலாகிவிடும். ஹோம்ஸ்டே சுவருக்கு ஆகாது. திரும்ப அடிப்பதுதான் வழி என்று விளக்கினேன். செதுக்கிய ஷீட்டுகள் பத்திரமாக இருந்தன. அவற்றில் படிந்திருந்த மையை மட்டும் துடைத்தெடுத்தால் போதும். மை என் பையில் இருந்தது. பலகாரம்!

டர்பன்டைன் வாங்க வில்சன் ஜங்ஷனுக்கு ஓடினான். ரோலர், கண்ணாடி, கத்தி, ஷீட்டுகள் எல்லாவற்றையும் ஷீபாவே டர்பன்டைனில் துடைத்து, சோப்பு போட்டுக் கழுவி, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தாள். துணியில் எண்ணெய்க் கறை தெரிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. போதும் என்று நானே சொன்ன பிறகும் விடவில்லை.

பிறகு மை. புது மையைக் கத்திமுனையில் கொஞ்சம்போல எடுத்துக் கண்ணாடியில் உருட்டினான் வில்சன். ரோலர் சரசரவென்று பட்டு உரசுகிற மாதிரி சத்தம் போட வேண்டும். அதுதான் மை அளவாக இருப்பதற்கு அடையாளம். சளசளவென்று கேட்டால் அதிகம். அவன் உருட்டி ஷீட்டைப் பலகையில் வைக்க, சுத்தமான கையோடு நான் தாளை வைக்க, மேலே புலியின் வாலைப் போட்டு மூட, ஷீபா சக்கரத்தைச் சுற்றினாள். சின்ன வயசில் அதே மெஷினில் ரப்பர் ஷீட் அடித்தவள். ஒரே வேகத்தில், நடுவில் நிற்காமல் சுற்றினாள். நடுவில் நின்றால் அந்த இடத்தில் கோடு விழும்.

முதல் பிரிண்டைத் தூக்கினோம். ஓட்டு முகப்பு. கறுப்பு அப்படியொரு கறுப்பு.

“ஞாயிற்றுக்கிழமைக்குள்ள காஞ்சிருமா அக்கா?” என்றான் வில்சன்.

தெரியாது என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? மெல்லிசாக அடித்திருக்கிறோம், தாள் மையைக் குடிக்கிற தாள், ஃபேன் போட்டு வைக்கலாம். காயலாம். ஃபிரேமில் போடும்போது சுற்றிலும் கெட்டி அட்டை கொடுத்துக் கண்ணாடி மேலே படாமல் பார்த்துக்கொண்டால் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் தப்பிக்கலாம். அதற்குமேல் அந்த ஹோம்ஸ்டேக்காரருக்குப் பிடிக்க வேண்டும். அதை யார் சொல்ல முடியும்?

மூன்றாவதோ நான்காவதோ ஓடிக்கொண்டிருந்தபோது ஜன்னலோரம் இருந்த வில்சனின் போன் அடித்தது. ஏஜென்ட். வில்சனின் இரண்டு கையிலும் மை. அவன் ஷீபாவைப் பார்த்தான். காதில் வைத்துப் பிடித்துக்கொள் என்பது மாதிரி ஒரு பார்வை. பலகை மறுபுறம் வெளியே வரும் வரை சுற்றி முடித்துவிட்டு, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் போனை எடுத்தாள். அவன் காதுப் பக்கம் கொண்டுபோகவில்லை. தன் காதிலேயே வைத்துக்கொண்டாள்.

“ஹலோ… ஆமா சார், வீட்டுக்காரிதான். அவிய ஜோலியில நிக்காவ… இல்ல சார், வெளிய இல்ல. இங்கன, வீட்டுல ஜோலி… இல்ல சார். அவிய வரல்ல. அந்த விசாவ வேற ஆருக்காவது குடுத்திருங்க.”

வில்சன் ரோலரைப் பிடித்தபடி நின்றான்.

“ஷீபா… ஞாயிற்றுக்கிழமை அவரு வேண்டாம்னு சொல்லிட்டாருன்னா?”

“சொன்னா சொல்லட்டு. வேற எடமா இல்ல?” என்று சக்கரத்தைப் பிடித்தாள். “நீங்க மைய உருட்டுங்க.”

அவன் உருட்டினான்.

இதை நான் எழுதுவது வியாழக்கிழமை. ஞாயிறு இன்னும் வரவில்லை. பிரிண்டுகள் கொடியில்தான் தொங்குகின்றன. இன்று காலையில் கேட்டேன், மூலையில் இன்னும் லேசாக ஒட்டுகிறதாம். ஷீபாவின் இடத்தில் நானாக இருந்தால், ‘திங்கக்கிழமை சொல்லுகேன் சார்’ என்று சொல்லிப் போனை வைத்திருப்பேன்.